தரையில் உட்காரும் நாள்

வா என்று சொல்லவில்லை. அந்த ஒன்றுதான் நேற்று இரவு முழுக்க சிப்போராவை உறுத்திக்கொண்டிருந்தது, விடிந்து வெயில் ஹாலுக்குள் வந்த பிறகும் உறுத்துகிறது. ஆறு வருஷம் கழித்து அண்ணன் வாசலில் பெட்டியும் கையுமாக நிற்கிறான், எப்படி இருக்கே சிப்பி என்று கேட்கிறான், அவள் கதவை அகலத் திறந்துவிட்டு ஓரமாக நகர்ந்து நின்றாள், அவ்வளவுதான். மாடிப்படியில் படுத்திருக்கும் நாய்க்குட்டியைக்கூட வா என்று சொல்கிறவள். ஆனால் என்ன செய்வது, பொழுது இறங்கிவிட்டதே. பொழுது இறங்கியதும் யூதப் பஞ்சாங்கத்தில் ஆவ் மாதத்தின் ஒன்பதாம் நாள் தொடங்கிவிட்டது, எருசலேமில் ஆண்டவனின் கோயில் எரிந்த நாள், ஒரு தரம் இல்லை, இரண்டு தரம், எரித்தவர்கள் வேறு வேறு ஆட்கள், தேதி மட்டும் அதே தேதி. அன்றைக்கு யூதர்கள் சாப்பிட மாட்டார்கள், ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், தோல் செருப்புப் போட மாட்டார்கள், உச்சிப்பொழுது வரைக்கும் நாற்காலியில் ஏற மாட்டார்கள், எதிரில் யார் வந்தாலும் நலம் விசாரிக்க மாட்டார்கள். இழவு வீட்டில் யார் யாரை வா என்று அழைப்பது? நம் ஊரிலும் அப்படித்தானே, இழவுக்கு வந்தவரை வாங்க என்பதில்லை, கிளம்புகிறவர் போயிட்டு வரேன் என்பதில்லை. பெரம்பூர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இஸ்ரேலில் இத்தனை காலமாகக் குடியிருக்கிற அண்ணன் நெஹமியாவுக்குத்தான் முகம் சுண்டிப்போயிற்று.

இப்போது அவன் சோபாவில் உட்கார்ந்திருக்கிறான், ஜம்மென்று, காலில் தோல் செருப்போடு. அவள் தரையில், ஜன்னலுக்குக் கீழே, ஒரு போர்வையைக்கூட விரிக்காமல். இடுப்பு விண்விண் என்று தெறிக்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, இதெல்லாம் ஒவ்வொரு வருஷமும் இருப்பதுதான். இந்த வருஷம் கூடுதலாக அண்ணன் இருக்கிறான். நேற்று ராத்திரி பெட்டியைத் திறந்து அவளுக்கு வாங்கிவந்த சால்வையை நாற்காலி மேல் போட்டான், கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தான், பிறகு சொன்னான், அப்பாவை எடுத்துக்கொண்டு போகப் போகிறானாம். ஊறுகாய் ஜாடியை எடுத்துப்போகிற மாதிரி சொன்னான். அங்கே அவன் ஊரான அஷ்தோத்தில் கடலுக்குக் கொஞ்சம் தள்ளி இடம் வாங்கியாகிவிட்டது, கல்லில் பேரும் வெட்டியாகிவிட்டது, இங்கே கல்லறையைத் தோண்டி எலும்புகளை எடுத்துப் பெட்டியில் வைத்து விமானத்தில் ஏற்றுவதற்கான அனுமதியெல்லாம் வாங்கியாகிவிட்டது. அம்மா கேரளத்துப் பரவூரில் அவள் பிறந்த வீட்டுக்காரர்களின் கல்லறைகளுக்கு நடுவே கிடக்கிறாள், அவளை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாமாம். கல்லறைக் காவல்காரர் மட்டும் மசியவில்லை, பிள்ளைகள் ரெண்டு பேரும் வந்து வாயால் சரி என்று சொன்னால்தான் கடப்பாரையைத் தொடுவேன் என்றுவிட்டார். நாளைக் காலையில் ஆட்கள் வருகிறார்கள். அதற்குள் சிப்போரா சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அப்பா இருக்கிற இடத்திலேயே இருப்பார். அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள், தலையணை இல்லாமல், அதுவும் இந்த நாளின் வழக்கம்தான்.

சரி. ஒரு வார்த்தைதான். வாயில் ஈரம் இல்லாதபோதுகூடச் சொல்லிவிடக்கூடிய வார்த்தை. சொல்லிவிட்டால் அண்ணன் எழுந்து குளித்து எங்காவது போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவான், நாளைக்கு மறுநாள் கிளம்பிவிடுவான், வீடு பழையபடி ஆகும். அவள் எருசலேம் எரிந்ததைப் பாடும் வேதத்துப் புலம்பல்களை முனகத் தொடங்கினாள், அம்மாவின் ராகத்தில், அந்த ராகம் ஒவ்வொரு வரியின் முடிவிலும் படியில் கால் தவறியது மாதிரி விழும், விழுந்த இடத்தில் போன வருஷங்களிலெல்லாம் எருசலேம் இருந்தது, இன்றைக்கு ஒரு கடப்பாரை இருந்தது. தெருமுனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி வேறு விடாமல் பாடிக்கொண்டிருந்தது. ஆடிச் செவ்வாய். கூழ் காய்ச்சுகிறார்கள், கருவாட்டுக் குழம்பின் வாசனை மூன்றாவது மாடி வரைக்கும் ஏறி வந்து மூக்கைப் பிடித்து இழுக்கிறது, எந்த ஆண்டவனின் நோன்பானாலும் கருவாட்டுக்கு ஒரு மரியாதையும் தெரியாது. அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள். சிரிக்கக் கூடாது. வேதத்தில்கூட இந்தப் புலம்பல்களைத் தவிர வேறெதுவும் படிக்கக் கூடாது, படித்தால் மனசு சந்தோஷப்பட்டுவிடும் என்பதால். சந்தோஷம் தரும் எதையும் நினைக்கவே கூடாது என்று ஒரு நாள், மனசா கேட்கிறது, கூடாது என்று சொன்ன பக்கமே போய் நிற்கும்.

இதே வேடிக்கைதான் பள்ளிக்கூடத்திலும். வருஷா வருஷம் தலைமையாசிரியை லீவுக்கடுதாசியைப் பார்த்துவிட்டு, கணக்கு டீச்சர், துக்கம்னு போட்டிருக்கீங்களே, யார் தவறிட்டாங்க என்று கேட்பார். கோயில் இடிஞ்சுபோச்சு மேடம் என்பாள் இவள். ஐயய்யோ எப்போ என்பார். ரெண்டாயிரம் வருஷம் ஆகப்போகுது என்பாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார், ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை, துக்கத்துக்கு வயசு கேட்கக் கூடாது என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்திருந்தது. அண்ணனுக்குத்தான் தெரியவில்லை. இன்று காலை பல் தேய்த்துவிட்டு வந்து, இவள் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபடி நின்று, மெதுவாகத்தான் சொன்னான்.

"அங்க வான்னா வர மாட்டேங்கற. வராத ஊருக்காகத் தரையில உக்காந்து அழற. இது என்ன கணக்குன்னு எனக்குப் புரியல சிப்பி. நாங்க போய்ச் சேந்துட்டோம். எங்களுக்கு அழுகை முடிஞ்சுபோச்சு."

அது போய் எங்கேயோ மாட்டிக்கொண்டது. வராத ஊருக்காக அழற. அவள் அதை உதற உதற அது திரும்பித் திரும்பி வந்து முன்னால் உட்கார்ந்தது. உண்மைதானே. டிக்கெட் அனுப்புகிறேன் என்று எத்தனை தரம் சொன்னான், அந்த நாட்டின் தூதரகத்திலிருந்துகூட ஒரு தரம் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள், அவள் போகவில்லை. முதலில் அப்பாவுக்காகப் போகவில்லை, பிறகு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் போகவில்லை, பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டாள், போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான், இந்த மூன்றாவது மாடியும் கீழே ரயில் போகும்போது அதிரும் பாத்திரங்களும் அவளுக்குப் பிடித்திருந்தன. அப்படியென்றால் எதற்காக அழுகிறாள்? அழுகிறாளா முதலில்? கண்ணில் ஒரு பொட்டு இல்லை. இவள் உட்கார்ந்திருப்பது அழுவதற்கு இல்லை, முடிந்துபோச்சு என்று ஒத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு. எரித்தவர்கள் எல்லாரும் முடிந்துபோச்சு என்றுதான் சொல்லிவிட்டுப் போனார்கள். முடியவில்லை, இதோ பெரம்பூரில் ஒருத்தி தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள், முடியவில்லை. இவன் போய்ச் சேர்ந்துவிட்டானாம். ஒரு ஊருக்குப் போய் இறங்கினால் துக்கம் தீர்ந்துவிடும் என்றால் அது துக்கம் இல்லை, ரயில் பயணம். இதை அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டியதெல்லாம் அவளுக்கு எப்போதும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் தோன்றும்.

ரயில் என்றதும் அப்பா. அப்பா சரக்கு ரயிலில் கார்டு, கடைசிப் பெட்டியில் பச்சைக்கொடி சிவப்புக்கொடியோடு தனியாகப் போகிற ஆள். ஒன்பதாம் நாள் என்றைக்கு வந்தாலும் அவருக்கு லீவு கிடைக்காது, ஆகவே கூடூர் வரைக்கும் அந்தப் பெட்டியின் தரையில் உட்கார்ந்தே போவார், இருக்கை பக்கத்தில் காலியாகக் கிடக்கும், கொடி காட்ட மட்டும் எழுந்திருப்பார், காட்டிவிட்டு மறுபடி உட்காருவார். காலில் கான்வாஸ் ஷூ. சீருடைக்குக் கறுப்புத் தோல் ஷூதான் போட வேண்டும் என்று ஒரு அதிகாரி மெமோ கொடுத்தார். அப்பா பதில் எழுதினார், சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், காலில் மாட்டாதீர்கள் என்று. பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமும் கான்வாஸ்தான், அதற்கடுத்த வருஷமும் அதேதான், கடைசியில் மெமோ கொடுத்தே அந்த அதிகாரி ஓய்ந்துபோனார். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் எறும்புக்குக்கூட வழி விடுகிற மனுஷன். அவளுக்கு மறுபடியும் சந்தோஷமாகிவிட்டது, தப்பு, அவள் சட்டென்று அந்த நினைப்பை நிறுத்தினாள், நிறுத்திய இடத்துக்கு அப்பாவின் அடக்கம் வந்து நின்றது. ஒரு யூதருக்கு அடக்கம் தள்ளிப்போடக் கூடாது, அன்றைக்கே ஆக வேண்டும், அண்ணன் விமானம் ஏறி வருவதற்குள் முடிந்துவிடும், முடிந்த பிறகு வந்து என்ன செய்ய என்று அவன் வரவே இல்லை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாவின் கணவர் தேவேந்திரனும் அவர் கூட்டாளிகளும்தான் தூக்கினார்கள், தலை மூடியிருக்க வேண்டும் என்று அவள் சொன்னதும் ஆளுக்கொரு கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டார்கள், ஒருவர் லுங்கியை வேட்டியாக மாற்றிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். குழிக்குப் பக்கத்தில் சொல்ல வேண்டிய ஜெபத்தைச் சொல்ல யூத ஆண் யாரும் இல்லை, சிப்போராவே சொன்னாள், ஒரு இடத்தில் அவள் நின்றுவிட்டபோது அந்த ஆட்கள் எல்லாரும் ஆமென் என்று சொல்லிவிட்டார்கள், தப்பான இடத்தில்தான், ஆனால் சொன்னார்கள்.

கதவைத் தட்டினாள் கன்னியம்மா. மஞ்சள் புடவை, நெற்றி நிறைய குங்குமம், கையில் மூடிபோட்ட தூக்கு. இவள் தரையில் இருப்பதைப் பார்த்ததும் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது, நாக்கைக் கடித்துக்கொண்டு, இன்னைக்கு உங்க கோயில் நாளா டீச்சர், மறந்தே போனேன், எனக்கும்தான் விரதம், கூழ் ஊத்தி முடிக்கற வரைக்கும் பச்சைத்தண்ணி இல்ல என்று வாசலிலேயே நின்று சொன்னாள். பிறகு சோபாவில் இருக்கிற அண்ணனைப் பார்த்து, ஊர்லேருந்து வந்திருக்காரு, அவராவது சாப்பிடட்டும் என்று தூக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள், போயிட்டு வரேன் என்று சொல்லாமல். அண்ணன் தூக்கைத் திறந்து பார்த்தான். கூழ், மூடியில் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், முருங்கைக்கீரை. டம்ளரில் ஊற்றிக் குடித்தான். இஸ்ரேலிலிருந்து வந்தவன் மாரியம்மன் கூழைக் குடிக்கிறான், பெரம்பூர்க்காரி எருசலேமுக்காகப் பட்டினி கிடக்கிறாள், இதைப் பார்த்து ஆண்டவன் அழுவாரா சிரிப்பாரா. அவன் வெங்காயத்தைக் கடித்த சத்தம் அவளுக்குப் பல்லில் கேட்டது.

அப்போதுதான் அவளுக்கு அது தோன்றியது, தோன்றியதும் உடம்பு சூடாயிற்று. தேதி. இவன் தேதி பார்க்காமல் டிக்கெட் போட்டான் என்றுதான் நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறாள். அங்கே இந்த நாளில் ஓட்டலெல்லாம் மூடியிருக்கும், டிவியில் பாட்டு இருக்காது, சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்துதான் வந்திருக்கிறான். வயிறு காய்ந்து, தலை கிறுகிறுத்து, துக்கத்தில் இவள் தரையோடு தரையாகக் கிடக்கிற ஒரே நாள் எது என்று பார்த்து, அன்றைக்குக் கேட்டால் சரி என்றுவிடுவாள் என்று வந்திருக்கிறான். கணக்கு டீச்சர் நானா இவனா? கோபத்தில் அவள் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள், இடுப்பு வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கேட்டும்விட்டாள், இந்தத் தேதியைத் தெரிஞ்சுதானே போட்டே என்று. அவன் மழுப்பவில்லை. ஆமாம் என்றான், தலையைக் குனிந்துகொண்டு. மற்ற நாளில் கேட்டால் நீ என்னை வாசலோடு அனுப்பியிருப்பாய் என்றான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், தலையில் பாதி முடி இல்லை, அறுபதைத் தாண்டிவிட்டான், இது எப்போது நடந்தது.

"வெளியூர் மண்ணுல கெடக்கறவங்க கடைசி நாள்ல பூமிக்கு அடியில சொரங்கம் வழியா உருண்டுக்கிட்டே அங்க போய்ச் சேரணும், அப்பறந்தான் எழுந்திருக்க முடியும், சின்ன வயசுல அப்பாவே சொல்லியிருக்காரு. எனக்குச் சாமி இல்ல, நோன்பு இல்ல. ஆனா அது மட்டும் ராத்திரியில வந்துடுது. அவருக்கு முட்டிவலி வேற." அவன் டம்ளரைக் கையில் உருட்டினான். "அன்னைக்கு நான் தூக்கல சிப்பி. எவனெவனோ தூக்கினான். ஒரு தடவையாவது நான் தூக்கிட்டுப் போறேனே."

இதற்கு அவள் தயாராக இல்லை. இவ்வளவு நேரம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவளுக்கு எதிரே ஆளே இல்லாமல் போன மாதிரி இருந்தது. பாவம் என்று இருந்தது, நிஜமாகவே பாவமாக இருந்தது, எழுந்து போய் அந்தப் பாதி முடியில்லாத தலையைத் தடவ வேண்டும் போல இருந்தது, சரி என்கிற வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்து நின்றது. கொடுத்துவிடலாம். அப்பாவுக்கு என்ன, எங்கே இருந்தாலும் அப்பாதான். அந்த நினைப்போடேயே கல்லறை வந்தது, மதில் ஓரத்து வேப்பமரம், அதன் கீழே அப்பா, அப்பாவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று விட்டுவைத்த இடம். அப்பாவை எடுத்துவிட்டால் அங்கே ஒரு குழி. நாளைக்கு இவளைக் கொண்டுபோய் அந்தக் குழிக்குப் பக்கத்தில் தனியாகப் படுக்கவைப்பார்கள். அவளுக்குப் பயமாக இருந்தது. செத்துப்போவதில் இல்லை பயம், அந்தப் பெரிய மதிலுக்குள் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் கிடப்பதில்தான். குளிப்பாட்ட யார், சொல்ல வேண்டியதைச் சொல்ல யார், ஆமென் என்று தப்பான இடத்திலாவது சொல்ல தேவேந்திரன் அன்றைக்கு இருப்பாரா. இதையெல்லாம் யோசிக்காமல் சரி என்று சொல்லப் பார்த்தேனே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது. இவன் தூக்கவில்லை என்றால் தூக்காததைத் தானே சுமக்கட்டும். ஒருவன் மனசு லேசாவதற்காக எலும்பைத் தோண்டுவதா? முட்டிவலிக்காரராம். கூடூர் வரைக்கும் தடதடக்கிற பெட்டியின் தரையில் உட்கார்ந்து போனவருக்கு, மெமோவுக்கு அசையாதவருக்கு, பூமிக்கடியில் கொஞ்சம் உருள்வது ஒரு விஷயமா? போகட்டும், நிதானமாக உருண்டு போகட்டும், வழியெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போவார். எழுப்புகிற நாள் வந்தால் போவார், அதுவரைக்கும் அவரை ஒருவரும் எழுப்பக் கூடாது.

வெயில் ஜன்னலை விட்டு விலகியிருந்தது. ஒலிபெருக்கியில் கூழ் வாங்க வரிசையில் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். உச்சிப்பொழுது தாண்டிவிட்டது, இனி நாற்காலியில் உட்காரலாம், நோன்பு மட்டும் இரவு வரைக்கும் உண்டு. சிப்போரா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள், கண் இருட்டியது, நின்றாள், தெளிந்தது. அண்ணன் தள்ளி இடம் விட்டான், வந்து உட்கார் என்று கையைக் காட்டினான். அவள் உட்காரவில்லை, சமையலறைக்குப் போய்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து ஹாலின் மூலையிலிருந்து பெருக்கத் தொடங்கினாள். பட்டினியில் என்ன பெருக்கல் என்று அவன் பதறினான். அம்மா பெருக்குவாளே, மறந்துட்டியா என்றாள். அம்மா பெருக்குவாள், பரவூர்ப் பெண்கள் எல்லாருமே இந்த நாளில் மத்தியானம் ஆனதும் எழுந்து வீட்டைப் பெருக்குவார்கள், எல்லாரையும் மீட்க வரவேண்டியவர் இந்த நாளில்தான் பிறப்பாராம், எல்லாம் எரிந்துபோன அதே நாளில், அவர் வரும்போது வீடு குப்பையாக இருக்கக் கூடாதாம். அண்ணனுக்கு ஞாபகம் வந்தது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் விடவில்லை.

"வந்தா எருசலேமுக்குத்தான் வருவாரு. பெரம்பூருக்கு, மூணாவது மாடிக்கா வரப்போறாரு?"

"அங்க வந்தா நீங்க பெருக்கி வெச்சுக்கங்க. இங்க வந்தா குப்பையில கால் வைக்க விட மாட்டேன்." அவள் பெருக்குவதை நிறுத்தவில்லை. "அப்பா எங்கயும் வரல. காவல்காரர்கிட்ட நான் சரின்னு சொல்ல மாட்டேன், நாளைக்கும் மாட்டேன், அடுத்த வருஷம் வந்து கேட்டாலும் மாட்டேன். எழுப்பறவருக்கு விலாசம் தெரியும். உனக்கு அவருக்கு எதாவது செய்யணும்னா சாயங்காலம் என்கூட வா, கல்லு மேல செடி மொளச்சுக் கெடக்கு, குனிஞ்சு பிடுங்கு."

அவன் வாயைத் திறந்தான். அதற்குள் துடைப்பம் சோபாவுக்கு வந்துவிட்டது.

"காலத் தூக்கு" என்றாள்.

நெஹமியா இரண்டு காலையும் தூக்கினான், அந்தத் தோல் செருப்புகளோடேயே, டம்ளரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. அவள் சோபாவுக்கு அடியில் கையை விட்டு ஒரு வெங்காயச் சருகையும் விடாமல் இழுத்துப் பெருக்கினாள். இறக்கு என்று சொல்லவில்லை. அப்படியே பெருக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.